கூலி உயர்ந்தால் குடி முழுகுமா?

“கூலியை உயர்த்து, உயர்த்து என்கிறீர்கள். உயர்த்தினால் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவான். அப்புறம் இருக்கிற வேலையும் போகும். இதற்கு என்ன பதில்?” என்று கேட்கிறார்கள் சிலர்.

கேட்பவர்கள் எல்லோரும் ஆலை அதிபர்கள் அல்லர். அவர்கள் மட்டும் கேட்டால், கேள்வியின் உள்நோக்கம் நமக்குப் புரியும். வேலைக்குப் போகிறவனே கேட்கிறான். அவன் மனைவி கேட்கிறாள். மகனுக்கு வேலை தேடி அலையும் தகப்பன் கேட்கிறார். திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில், விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலிலும் விழும். அச்சத்தில் பிறந்த கேள்வியை அதட்டி அடக்கிவிட முடியாது. எடுத்து வைத்து, எடை போட்டு, விடை சொல்ல வேண்டும். அதைத்தான் இன்று செய்யப் போகிறோம்.

மணவாள நகர் டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் காக்களூரில் இரண்டு லேத்து மெஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறவர். அவரும் ஒரு காலத்தில் தொழிலாளியாக இருந்தவர்தான். மற்றவன் அவரிடம் வேலை பார்க்கும் இளைஞன்.

“அண்ணே, இந்த மாசமும் அதே சம்பளந்தானா?”

“தம்பி, நான் என்ன பெட்டியிலே பூட்டி வைத்துக்கொண்டா இல்லை என்கிறேன்? பெரிய கம்பெனிக்குச் சாமான் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. கரண்ட் பில்லைக் கட்டிவிட்டுக் கையைப் பிசைகிறேன்.”

“அப்போ வீட்டுக்காரம்மா வாடகை கேட்டால் நான் என்ன சொல்றது அண்ணே?”

இருவரும் பொய் சொல்லவில்லை. கூலிப் பிரச்சினையின் முழு வடிவமும் இந்த நான்கு வரிப் பேச்சில் அடங்கியிருக்கிறது. ஒருவன் வயிறு, மற்றொருவர் கைமுடை, இருவருக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய கம்பெனி! இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் கூலியைப் பற்றிப் பேசுவது குருடன் யானையைத் தடவிய கதையாகும்.

குறைந்தபட்சம் என்பது எது?

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. நாட்டின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்ட சட்டம் அது. அதே காலத்தில் நியாயக் கூலியைப் பற்றி ஆராய்ந்த குழு, கூலியை மூன்று படியாகப் பிரித்தது. உயிரும் உடம்பும் ஒட்டியிருக்கவும், வேலை செய்யும் திறன் கெடாமலிருக்கவும் வேண்டியது குறைந்தபட்சக் கூலி. அதற்கு மேலே நியாயக் கூலி. அதற்கும் மேலே, மனிதன் மானத்தோடு வாழ்வதற்கான வாழ்க்கைக் கூலி. அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு, மூன்றாவது படியைத்தான் அரசின் குறிக்கோள் என்கிறது. நாமோ இன்னும் முதல் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

முதல் படியின் உயரம் எவ்வளவு? 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு அளவுகோல் வகுத்தது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அளவுகோல் அது. உழைப்பவர் ஒருவரின் வருமானத்தில் மூன்று நுகர்வு அலகு கொண்ட குடும்பம் வாழவேண்டும். அலகு ஒன்றுக்கு நாள்தோறும் 2,700 கலோரி உணவு. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசாங்கத் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின்படி வாடகை. விறகு, விளக்கு முதலிய இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவிகிதம். இதுதான் அன்று போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு இல்லை. ஜுரம் வந்தால் மருந்துச் செலவு இல்லை. பொங்கலும் கலியாணமும் இல்லை. முதுமை இல்லை. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறையைப் போக்கியது. சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. கல்வி, மருத்துவம், விழா, எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவிகிதம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

தீர்ப்பு இருக்கிறது. நடப்பு என்ன? 2019இல் மத்திய அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு, இந்தியா முழுமைக்கும் நாள் ஒன்றுக்கு 375 ரூபாய், மாதம் 9,750 ரூபாய் என்று பரிந்துரைத்தது. கலோரியைக் கூட 2,700லிருந்து 2,400ஆகக் குறைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது! அதே ஆண்டில் அரசாங்கம் தேசிய அடிமட்டக் கூலி என்று அறிவித்த தொகை எவ்வளவு தெரியுமா? 178 ரூபாய். முந்தைய தொகையான 176க்கு மேல் இரண்டு ரூபாய் ஏற்றம்!

178 ரூபாயை 26 வேலை நாளால் பெருக்கினால் 4,628 ரூபாய். நான்கு பேருக்கு, முப்பது நாளுக்குப் பங்கிட்டால், தலைக்கு நாள் ஒன்றுக்கு 38 ரூபாய் 57 காசு. நிபுணர் குழு சொன்ன 9,750 ரூபாயை அதேபோல் பங்கிட்டால் 81 ரூபாய் 25 காசு. சோறு, துணி, கூரை, மருந்து, பஸ் கட்டணம், பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எல்லாம் இதற்குள். இந்தத் தொகையைக் கண்டுதான், “ஐயோ, தொழில் அழிந்துவிடும்” என்று அலறுகிறார்கள்!

கொடுக்க முடியாது என்றால்?

“கொடுக்க ஆசைதான், சக்தியில்லை” என்ற வாதமும் புதிதல்ல. கேரளத்து ஓட்டுத் தொழில் முதலாளிகள் இதைச் சொல்லிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1961இல், உன்னிச்சோயி வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை. நியாயக் கூலி கேட்கும்போது அதைப் பார்க்கலாம்; உயிர்க் கூலி கேட்கும்போது பார்க்க முடியாது. 1982இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைத் தொழிலாளர் வழக்கில், நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய வேலை ஆகும் என்றது. பசி பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது, தொழிலாளி சம்மதித்தான் என்று சொல்வதில் பொருள் இல்லை அல்லவா?

சட்டத்தின் விடை இது. ஆனால் வேலை இழப்போம் என்று அஞ்சுகிறவனுக்குச் சட்டம் மட்டும் போதாது. அவனுக்குப் பொருளாதாரத்தின் விடையும் வேண்டும்.

எல்லை தாண்டிப் போய்விடுமா?

கும்மிடிப்பூண்டியில் இந்த அச்சத்துக்கு ஒரு தனி வடிவம் உண்டு. சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் ஆந்திர எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தடா. அதை ஒட்டி, 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம். “இங்கே கூலி ஏறினால், அங்கே போய்விடுவார்கள்” என்று மிரட்டுவது எளிது. எல்லைக் கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறதே!

இதே நிலைமை அமெரிக்காவில் ஒருமுறை ஏற்பட்டது. நியூ ஜெர்சி ஒரு மாநிலம். பென்சில்வேனியா அதன் பக்கத்து மாநிலம். 1992 ஏப்ரல் 1ஆம் தேதி நியூ ஜெர்சி தன் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லையின் இருபுறத்திலும் இருந்த 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். 1994இல் முடிவை வெளியிட்டார்கள். கூலி உயர்ந்த நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை! பாடப் புத்தகம் சொன்னது ஒன்று, நடந்தது வேறொன்று. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்குள் காலமாகிவிட்டார்.

நாம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பவர்கள் அல்ல. அந்த ஆராய்ச்சியை மறுத்தவர்களும் உண்டு. வேறு சம்பளக் கணக்குகளைக் கொண்டு பார்த்தால் வேலை குறைந்திருக்கிறது என்று நியூமார்க், வாஷர் என்ற அறிஞர்கள் வாதாடினார்கள். 2019இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் ஒரு மதிப்பீடு செய்தது. கூலியை 2025க்குள் படிப்படியாக மணிக்கு 15 டாலராக, அதாவது அப்போதிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தினால், 1 கோடியே 70 லட்சம் பேருக்குச் சம்பளம் ஏறும். 13 லட்சம் பேர் வறுமையிலிருந்து விடுபடுவர். ஏறத்தாழ 13 லட்சம் பேர் வேலை இழக்கவும் கூடும் என்றது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? அளவான உயர்வு, முன்கூட்டியே அறிவித்த உயர்வு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரும் உயர்வு வேலையைப் பெரிதாக அழிப்பதில்லை. பத்தாண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து உயர்த்தினால் அடி பலமாக விழும். ஆகவே குற்றம் உயர்த்துவதில் இல்லை. உயர்த்தாமல் தூங்கியதில் இருக்கிறது.

வேலை ஏன் குறையவில்லை?

“விலை ஏறினால் வாங்குவது குறையும், கூலி என்பது உழைப்பின் விலை, ஆகவே கூலி ஏறினால் ஆள் குறையும்” என்பதுதான் பழைய சூத்திரம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பு கத்தரிக்காய் அன்று. கத்தரிக்காய்ச் சந்தையில் வாங்குபவர் பலர், விற்பவர் பலர். உழைப்புச் சந்தையிலோ விற்பவன் ஆயிரம் பேர்; வாங்குகிறவர் நாலைந்து ஒப்பந்தக்காரர். விற்பவனுக்கு இன்று விற்றாக வேண்டும். நாளை வரை வைத்திருந்தால் இன்றைய உழைப்பு வீணாய்ப் போய்விடும், அடுப்பும் எரியாது. வாங்குபவர் ஒரு வாரம் பொறுக்கலாம். இப்படிப்பட்ட சந்தையில் கூலி, உழைப்பின் உண்மையான மதிப்புக்குக் கீழேயே தங்கிவிடும் என்று ஜோன் ராபின்சன் அம்மையார் 1933லேயே விளக்கிக் காட்டினார். அந்தப் பள்ளத்தைச் சட்டம் மேடாக்கும்போது குறைவது வேலையன்று. இடையில் தங்கிய லாபம்.

இரண்டாவது காரணம், ஆள் நிலைப்பது. கூலி குறைந்த இடத்தில் ஆள் நிற்பதில்லை. போனவனுக்குப் பதில் புதியவனைத் தேடி, பழக்கி, அவன் கெடுக்கும் சரக்கைப் பொறுத்து, அவனும் போனபின் இன்னொருவனைத் தேடுவது செலவில்லையா? 1913ஆம் ஆண்டில் அமெரிக்க ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில், சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, ஓராண்டில் 50,000க்கு மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்ததாம்! 1914 ஜனவரியில் நாள் கூலியை ஐந்து டாலர் என்று ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார் ஃபோர்டு. அவர் தொழிற்சங்கங்களின் நண்பர் அல்லர். தர்மத்துக்காகச் செய்தாரா? இல்லை. கணக்குப் பார்த்தார், லாபம் என்று கண்டார், செய்தார்.

மூன்றாவது காரணம், சரக்கின் விலையில் கூலியின் பங்கு. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்கும் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பான்மைச் செலவு பழைய இரும்பும் மின்சாரமும்தான். நூறு ரூபாய்ச் சரக்கில் கூலி பத்து ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூலியை இருபது சதவிகிதம் உயர்த்தினால் அடக்க விலை ஏறுவது இரண்டே ரூபாய். பழைய இரும்பின் விலை ஏறும்போது, “இரும்பு வாங்க மாட்டோம், ஆலையை மூடுகிறோம்” என்று எந்த அதிபரும் சொல்வதில்லையே! கூலிக்கு மட்டும் ஏன் இந்தக் கூக்குரல்?

நாடு முழுவதும் பதிவு பெற்ற ஆலைகளின் கணக்கைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. உற்பத்தியில் கூடும் மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு, 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவிகிதம். 2008ஆம் ஆண்டை ஒட்டி அது 10 சதவிகிதத்தின் அருகே இறங்கிவிட்டது. பிறகு சற்றே ஏறியது; பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கூலி தொழிலை விழுங்கியதா, தொழில் கூலியை விழுங்கியதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நான்காவது காரணம் மணவாள நகர்க் கடைத்தெருவிலேயே இருக்கிறது. ஏழைக்கு ஏறும் கூலி பாங்கியில் உறங்குவதில்லை. அரிசிக் கடைக்கும், மளிகைக்கும், துணிக் கடைக்கும், பிள்ளையின் டியூஷனுக்கும் அந்த மாதமே போய்ச் சேருகிறது. கூலி ஏறினால் கடைக்காரருக்கு வியாபாரம்; கடைக்காரருக்கு வியாபாரம் ஏறினால் அங்கே இன்னொருவனுக்கு வேலை.

திருப்பூர் கண்ட அனுபவம்

அயல் நாட்டுக் கதை வேண்டாம், நம் நாட்டுக் கதை சொல் என்பவர்களுக்குத் திருப்பூர் இருக்கிறது. ஆடை தைக்கும் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை 2014இல் உயர்த்தித் தமிழ்நாடு அரசாங்கம் ஆணையிட்டது. முதலாளிகள் நூற்றுக்கணக்கில் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016இல் வழக்குகள் தள்ளுபடியாயின. அப்போதும் கேட்ட குரல் இதுதான்: தொழில் போய்விடும், பங்களாதேசம் வாரிக்கொண்டுவிடும்!

போயிற்றா? திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி நின்றது. இடையிலே திருப்பூர் அடிபட்டது உண்மை. 2016இல் பண மதிப்பிழப்பு அடித்தது. பிறகு சரக்கு சேவை வரி வந்த புதிதில் திணறியது. 2020இல் கொரோனா முடக்கியது. 2025இல் அமெரிக்கா விதித்த சுங்க வரி அடித்தது. இவற்றில் எது தையல்காரப் பெண்ணின் கூலியால் வந்தது? அடித்தவர்கள் ஒருவர், பழி சுமந்தவள் இன்னொருத்தி!

இன்னும் ஒரு சான்று. ரிசர்வ் வங்கி தொகுத்த புள்ளி விவரப்படி, 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய். குறைந்த கூலிதான் வேலையைக் கொண்டுவரும் என்றால், கேரளத்துக்காரர்கள் அல்லவா மத்தியப் பிரதேசத்துக்கு ரயில் ஏறவேண்டும்? பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு இளைஞர்கள் வருகிறார்களே, இங்கிருந்து அங்கே யார் போகிறார்கள்? தொழிலை இழுப்பவை துறைமுகம், சாலை, மின்சாரம், படித்த கை, அமைதியான ஊர். இந்தியாவிலேயே மிகுதியான தொழிற்சாலைகள் தமிழ்நாட்டில் இருப்பதற்குக் காரணம், இங்கே கூலி எல்லாரைவிடக் குறைவு என்பதன்று.

உயர்வை விழுங்கும் வழிகள்

இத்தனையும் சொல்லியபின், ஏமாறாமலிருக்க வேண்டிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஆணையில் கூலி ஏறும், கையில் ஏறாது. அதற்கு ஆயிரம் வழி கற்றிருக்கிறார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் பல ஆண்டு போராடி, 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்கூலி பெற்றனர். அதன்பின் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது என்பது இதுதான்.

இங்கேயும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை, ‘பயிற்சியாளர்’ என்று பெயர் சூட்டி, உதவித்தொகை என்று சொல்லி, பாதிக் காசில் செய்விக்கலாம். ஒப்பந்தக்காரர் வங்கிக் கணக்கில் முழுக் கூலியைப் போட்டுவிட்டு, ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தங்கும் அறைக்கு, சாப்பாட்டுக்கு, சீருடைக்கு என்று பிடித்தம் செய்யலாம். எட்டு மணிக் கூலி கொடுத்துப் பன்னிரண்டு மணி வேலை வாங்கலாம். இவற்றைத் தடுக்காமல் கூலியை மட்டும் உயர்த்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகும்.

வடக்கேயிருந்து வரும் தொழிலாளியின் மேல் கோபப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவன் உன் கூலியைக் குறைக்கவில்லை. அவனுக்குக் குறைத்துக் கொடுக்க முடிகிறதே, அதுதான் உன் கூலியைக் குறைக்கிறது. அவனுக்கும் சட்டப்படியான கூலி கிடைத்துவிட்டால், உனக்குப் பதில் அவனை வைப்பதால் முதலாளிக்கு என்ன லாபம்? அவனுக்காக நீ கேட்கும் கூலி உனக்கே காவல். பாஷை வேறு, பசி ஒன்றுதான்.

காக்களூர்ப் பட்டறைக்காரரை மறந்துவிட்டோமா? இல்லை. அவருடைய சரக்கில் கூலியின் பங்கு நூற்றுக்கு நாற்பதாக இருக்கலாம். இருபது சதவிகித உயர்வு அவருக்கு எட்டு ரூபாய்ச் சுமை. அவருக்கு அது உண்மையாகவே வலிக்கும். ஆனால் அவரை நசுக்குவது அந்த இளைஞனின் கூலி மட்டுமா? மூன்று மாதம் பாக்கி வைக்கும் பெரிய கம்பெனியும்தானே! சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். ஆனால் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று அஞ்சிப் பட்டறைக்காரர் வாய் திறப்பதில்லை. தொழிலாளி அவரிடம் அஞ்சுகிறான். அவர் மேலே அஞ்சுகிறார். அச்சம் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் அடுப்பங்கரையில் வந்து முடிகிறது. கூலி உயரும்போது, பெரிய கம்பெனி வாங்கும் உதிரி பாகத்தின் விலையும் அதற்கேற்ப உயர வேண்டும்; பணமும் தவணைக்குள் வரவேண்டும். சிறு முதலாளியைக் காப்பாற்றும் வழி இது. அவருடைய தொழிலாளியைப் பட்டினி போடுவதன்று.

என்ன கேட்க வேண்டும்?

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. பழைய சட்டத்தில், அட்டவணையில் இடம் பெற்ற தொழிலுக்குத்தான் குறைந்தபட்சக் கூலி. புதியதில் எல்லாத் தொழிலுக்கும் உண்டு. மத்திய அரசாங்கம் ஓர் அடிமட்டக் கூலியை நிர்ணயிக்கும். மாநிலங்கள் அதற்குக் கீழே போகக்கூடாது. ஏற்கெனவே மேலே இருப்பதைக் குறைக்கவும் கூடாது. பாக்கிக் கூலி கேட்டு மனுச்செய்ய முன்பு ஆறு மாதமே தவணை. இப்போது மூன்று ஆண்டு. கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் கம்பெனியே பொறுப்பு. மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி.

இவை நல்லவை, ஏற்கிறோம். ஆனால் அதே சட்டத்தில், ஆய்வாளர் ‘வழிகாட்டி’யாகவும் ஆக்கப்பட்டிருக்கிறார். முதல் தவறுக்கு வழக்குப் போடுமுன் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். அடிமட்டக் கூலியையும் பகுதிக்கு ஒன்றாக வைக்கலாம் என்ற கதவும் திறந்திருக்கிறது. தடாவுக்கு ஒரு தரை, கும்மிடிப்பூண்டிக்கு ஒரு தரை என்று பிரித்துவிட்டால், எல்லையைக் காட்டி மிரட்டுவது நிரந்தரமாகிவிடும்.

ஆகவே நாம் கேட்பவை மிகையானவை அல்ல. ஒன்று, அடிமட்டக் கூலி 1957இன் அளவுகோலின்படியும் 1991இன் தீர்ப்பின்படியும் கணக்கிடப்பட வேண்டும். 178 ரூபாய் போன்ற கேலித் தொகையாக இருக்கக்கூடாது. இரண்டு, எல்லையின் இருபுறமும் தரை ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மூன்று, பஞ்சப்படி விலைவாசியோடு ஏறுவதுபோல், அடிப்படைக் கூலியும் தவணை தவறாமல் திருத்தப்பட வேண்டும். நான்கு, ஒவ்வொரு ஆலை வாசலிலும் அன்றைய குறைந்தபட்சக் கூலி தமிழிலும் இந்தியிலும், ஒரியாவிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். தெரியாத உரிமை இல்லாத உரிமை. ஐந்து, சம்பளச் சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். தொழிலாளத் தோழர்கள் அதை வாங்கி, பத்திரப்படுத்தி வைக்கப் பழக வேண்டும். மூன்றாண்டுத் தவணை என்பது, கையில் காகிதம் உள்ளவனுக்குத்தான் மூன்றாண்டு.

கூலி கேட்டதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு அறியும். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் கருகின. பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோர். கூலி உயர்வு கேட்டு, சங்கத்தில் சேர்ந்து நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அந்தச் சாம்பலின் மேல்தான் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் எழுந்தது. அன்று உயர்ந்த கூலியால் தஞ்சையில் நெல் விளையாமல் போகவில்லை. வயல் இருந்தது, வரப்பு இருந்தது, அறுவடையும் நடந்தது.

கூலி உயர்ந்தால் குடி முழுகுமா என்று கேட்டவர்களுக்கு நம் விடை இதுதான். கணக்குப் பார்த்து, தவணை தவறாமல், எல்லாருக்கும் ஒன்றாக உயர்த்தினால் முழுகாது. உயர்த்தாவிட்டால் முழுகும் குடி ஒன்று உண்டு. அது ஆலை அதிபரின் குடியன்று. மணவாள நகரில் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்கிறவளின் குடி.